நான்கு வருடம் ஏழு மாதம்

முஸஃபாவில் ஒரு போர்ட்டா கேபின்.
ஏசி துப்பும் தண்ணீரை
பெயின்ட் வாளி ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது.
எனக்கு முன்னால் போனவன்
இரண்டே நிமிடத்தில் சிரித்தபடி வெளியே வந்தான்.

எச்ஆர் ஷைனி மலையாளத்தில் கேட்டாள்,
நான் தமிழில் சொன்னேன்,
முதீர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.
டவர் கிரேன். பதினோரு வருட அனுபவம்.
லைசென்ஸ் புதுப்பித்தாயிற்று. ரத்தம் சரி. கண் சரி.
"இவிடெ ஒரு ஓட்டை உண்டல்லோ, சேட்டா"
என்று பேனா முனையால் காகிதத்தைத் தட்டினாள்.
கடைசி வரி ஒரு மார்ச்சோடு நிற்கிறது.
இன்றைக்கு அக்டோபர்.
நடுவில் நான்கு வருடம் ஏழு மாதம்.

பதில் கைவசம் இருந்தது.
ரூம்மேட் எபனேசர் சொல்லிக்கொடுத்தது:
"ஊர்ல சொந்த பிசினஸ்னு சொல்லிரு. யாரும் தோண்ட மாட்டாங்க."
முழுப் பொய்யும் இல்லை.
பட்டுக்கோட்டையில் மச்சினன் ஹார்டுவேர் கடையில்
ஆணி நிறுத்துக் கொடுத்தேன்.
எட்டு டன் தூக்கிய கை
கால் கிலோவுக்கு நடுங்கியது.
மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால்
மகள்தான் ஏறிப்போய் வால்வை மூடுவாள்.
அப்பாவுக்கு முட்டிவலி என்று வீட்டில் பேச்சு.

சொல்லாதது இது.
கேபினில் காற்று மீட்டர் முப்பது காட்டியது.
முப்பத்தெட்டைத் தாண்டினால்தான் நிறுத்த வேண்டும்.
தூக்கியது ஷட்டரிங் பலகைக் கட்டு,
ஒன்றரை டன்னுக்கும் கொஞ்சம் குறைவு.
அது திடீரென்று அகலவாக்கில் திரும்பியது.
கீழே அவன் இரண்டு கையையும் குறுக்கே வீசினான்:
நிறுத்து, எல்லாவற்றையும் நிறுத்து.
நிறுத்தினேன்.
நான் நிறுத்தினேன்.
கிரேன் நின்றது. பலகை நிற்கவில்லை.

பதினாலு மாதம் ஒரே வாக்கிடாக்கியில் இருந்தோம்.
"பாய், கொஞ்சம் லெஃப்ட்." "பாய், சாயா ஆச்சா?"
நான் அவனுக்கு பாய், அவன் எனக்கு பாய்.
மேலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள் ஹெல்மெட்,
அதில் பச்சை டேப்பால் ஒட்டிய பெருக்கல் குறி.
அவ்வளவுதான் அவன் முகம்.
பெயர் மொக்லெஸ் என்பது
விசாரணையில் வாசித்தபோதுதான் தெரியும்.
என்மேல் தவறில்லை என்று அரபியில் ஒரு தாள் தந்தார்கள்.
லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.
எங்கே காட்டுவதென்று தெரியவில்லை.

அவன் வீட்டுக்கு கம்பெனி கொடுத்துவிட்டது என்றார்கள்.
நானும் ஒருமுறை எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் திர்ஹம் கட்டினேன்.
பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது.
மறுபடி அனுப்பவில்லை.
அந்தப் பணத்தில்தான்
டிக்கெட் எடுத்து ஊருக்குப் போனேன்.

"காரணம் எந்தா எழுதேண்டது?"
படிவத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கட்டம்.
காற்று, என்றேன்.
எபனேசரை வாய் முந்திக்கொண்டது.
ஷைனி முதீரைப் பார்த்தாள். முதீர் ஜன்னலைப் பார்த்தார்.
"கல்லிவல்லி" என்றார்.
என்னையா, கட்டத்தையா, தெரியாது.
அவள் 'குடும்பக் காரணம்' என்று
இங்கிலீஷில் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன்.
சம்பளம் பழையதைவிட நானூறு குறைவு.
தலையாட்டினேன்.

"பிராக்டிகல் நோக்கணும். கேறிக்கோ."

யார்டில் டெஸ்ட் கிரேன்.
ஏணியின் முதல் படி கையுறையைத் தாண்டிச் சுட்டது.
முட்டிவலி இல்லை என்பது முட்டிக்குத் தெரியும்;
மூன்றாம் படியில் அது யோசித்தது.
தூரத்தில் முதீர் வாட்சைப் பார்த்தார்.
கொக்கிப் பக்கம் ஒரு பையன்,
மீசை இன்னும் முடிவெடுக்காத முகம்,
ரெடி என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

மூன்று படியும் இறங்கினேன்.
அவனிடம் போய்ப் பெயர் கேட்டேன்.
சொன்னான். ஜெனரேட்டர் சத்தத்தில் சரியாக விழவில்லை.
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன்.